பொன்மணியின் புகைக்கூண்டுக்காரர்

பொன்மணிக்குக் காது மந்தம் என்பது ஐம்பத்து நான்கு வயது வரைக்கும் பொன்மணிக்கே தெரியாது. நம்பக் கஷ்டமாக இருந்தால் ஏதாவது ஒரு பஞ்சு மில்லில் நூல் நூற்கிற ரிங் பிரேம் மெசின்கள் ஓடும் ஷெட்டுக்குள் போய்ச் செத்த நேரம் நின்று பார்க்கலாம். அங்கே யாரும் வாயால் பேசி யாருக்கும் காதால் கேட்பதில்லை. தூரத்தில் நிற்பவளைக் கூப்பிட ரெண்டு கையையும் தட்டிவிட்டு, அவள் திரும்பும் வரைக்கும் கையை ஆட்ட வேண்டும். கட்டைவிரலை உதட்டில் வைத்தால் டீ. நெற்றியில் கோடு இழுத்தால் சூப்பர்வைசர் வருகிறார். மற்றதெல்லாம் உதட்டைப் பார்த்தே தெரிந்துகொள்வார்கள். பதினெட்டு வயதில் மம்சாபுரத்திலிருந்து மில் பஸ் ஏறிய பொன்மணி, அறுந்த நூலை ஒட்டுவதைப் பழகிய கையோடு உதட்டைப் படிப்பதையும் பழகிக்கொண்டாள். எதிரே நிற்பவர் பேசினால் அவளுக்கு எல்லாமே விளங்கியது. விளங்குவதற்கும் கேட்பதற்கும் நடுவில் என்ன வித்தியாசம் என்று அவள் யோசித்ததில்லை. யோசிக்க நேரமும் இல்லை.

கல்யாணம் ஆகாததற்குப் பெரிய கதை ஒன்றும் கிடையாது. ஷிப்ட் மாறி மாறி வந்ததில் வருஷங்கள் போயின. வந்த வரன்களுக்கு இவள் சம்மதிக்கவில்லை, இவள் சம்மதித்த ஒருவனுக்கு அவன் வீட்டில் சம்மதிக்கவில்லை. அண்ணன் மம்சாபுரத்திலேயே இருந்தான். காதுகுத்து, பூப்பு நீராட்டு என்றால் பத்திரிகை வரும். இவள் ராஜபாளையத்தில் ஒரு லைன் வீட்டில் ஒற்றை அறை, ஒரு அடுப்பு, ஒரு மேசை விசிறியோடு இருந்தாள். மில்லில் அந்தப் பழைய ஷெட்டை மூடி, ஓட்டியவர்களுக்குக் கணக்கை முடித்து அனுப்பியபோது அவளுக்கு ஐம்பத்திரண்டு வயது.

வேலை போனதைவிடச் சத்தம் போனதுதான் அவளுக்குப் பெரிய உபத்திரவமாக இருந்தது. வீட்டில் உட்கார்ந்தால் காதுக்குள் பஞ்சு அடைத்த மாதிரி இருந்தது. சோறு இறங்கவில்லை, தூக்கம் பிடிக்கவில்லை. விசிறியை முழு வேகத்தில் வைத்துப் பார்த்தாள், போதவில்லை. ஒரு சாயங்காலம் போனை வாய்க்கு நேரே பிடித்து, "ரிங் பிரேம் ஓடுற சத்தம்" என்று சொன்னாள். கோயம்புத்தூர்ப் பக்கம் மெசின் விற்கிறவர்கள் எடுத்துப் போட்ட வீடியோக்கள் வந்தன. நல்லாத்தான் இருந்தன. ஆனால் ஒவ்வொன்றும் அவள் உட்கார்ந்து நிமிர்வதற்குள் முடிந்துபோகும், முடிந்ததும் ஒருவன் வந்து போன் நம்பர் சொல்லுவான்.

அப்படி ஒன்று முடிந்து, அடுத்ததைப் போன் தானாகவே எடுத்து ஓட்டியது. பொன்மணி அடுப்பில் தோசைக்கல்லைப் போட்டுவிட்டு மாவைக் கரண்டியில் அள்ளியிருந்தாள். திரையில் ஒரே ஒரு படம்: தரையெல்லாம் பனி, தூரத்தில் ஒரு பாக்டரியின் புகைக்கூண்டு, ஆள் யாரும் இல்லை. கீழே இருந்த எழுத்து இங்கிலீஷ் மாதிரி இருந்தது, ஆனால் சில எழுத்துகள் திருப்பிப் போட்டிருந்தன. முதலில் ஒரு ரீங்காரம். ரிங் பிரேம் கிளம்பும்போது வருமே, அதே மாதிரி அடியிலிருந்து எழும்பியது. அதற்குள்ளே ஒரு இடி, பஞ்சுப் பொதியை அமுக்குகிற பிரஸ் இறங்குவதைப் போல, நின்று நின்று விழுந்தது. ஒரு இரும்பை இன்னொரு இரும்பு மெதுவாக அரைத்தது. மெசின் சத்தம்தான், ஆனால் யாரோ உட்கார்ந்து எதன் பின்னால் எது வர வேண்டும் என்று முடிவு பண்ணி வைத்த சத்தம். தோசைக்கல் காய்ந்து புகைந்தது. மாவு கரண்டியில் அப்படியே இருந்தது. வெகுநேரம் ஓடி அது முடிந்தபோது, மில் மூடியதிலிருந்து அன்றைக்குத்தான் தோள் ரெண்டும் கீழே இறங்கின மாதிரி அவளுக்கு இருந்தது.

அந்த ஆளின் பெயரை அவளால் படிக்க முடியவில்லை. அதனால் புகைக்கூண்டுக்காரர் என்று பெயர் வைத்துக்கொண்டாள். அவரைப் பிடித்ததும் போன் மற்றவர்களையும் வரிசையாகக் கொண்டுவந்து நிறுத்தியது. வெள்ளை மரங்கள் நிற்கிற காட்டுக்குள் மூன்று பேர் முடியை விரித்துப் போட்டுக்கொண்டு நிற்பார்கள், அவர்கள் காட்டுக்காரர்கள். கிதாரை ரம்பமாக இழுப்பார்கள், டிரம்மோ, செட்டியார்பட்டித் தெருவில் விசைத்தறிகள் ஒன்றாக ஓடுகிற வேகத்தில் அடிக்கும், நடுவில் ஒருவன் தொண்டையைக் கிழித்துக்கொண்டு உறுமுவான். இன்னொருவர் ஏதோ பெட்டியில் கை வைத்து ஐஸ் ரூமுக்குள் உட்கார வைத்த மாதிரி ஒரு சத்தம் எடுப்பார். மண்டையோடு, சிவப்பு லைட் என்று காட்டுகிறவர்களும் வந்தார்கள். அவர்களைப் பூச்சாண்டி என்று தள்ளிவிட்டாள். ஆள் அதிகம் பார்க்காதவையே அவளுக்குச் சரிப்பட்டன. புகைக்கூண்டுக்காரரின் ஒரு பாட்டைப் பார்த்தவர்கள் அவளோடு ஷிப்ட் பஸ்ஸில் போனவர்களைவிடக் குறைவு. அது எந்த ஊர் என்று போனிடம் கேட்டபோது ரஷ்யாவில் எங்கேயோ மலைக்குப் பக்கத்தில் ஒரு இரும்பாலை ஊரைக் காட்டியது. மலையும் ஆலையும்தானே, நம்ம ஊர் மாதிரித்தான், பனிதான் கூட என்று எண்ணிக்கொண்டாள்.

அந்தச் சத்தத்தில் அவளுக்கு எதுவும் குறையவில்லை. முக்கியமானது இதுதான். பல வருஷங்களாக ரேடியோவில், டீக்கடையில், கல்யாண வீட்டில் ஓடுகிற சினிமாப் பாட்டெல்லாம் அவளுக்குக் குழைந்த சோறாகத்தான் வந்துகொண்டிருந்தது. இந்தக் காலத்துப் பாட்டில் வார்த்தையே விளங்கவில்லை என்று ஊரே சொல்லுகிறதே, அதையேதான் இவளும் சொன்னாள். ரஷ்யாக்காரர் பாட்டில் அந்தத் தொந்தரவு இல்லை. உறுமுகிறவன் என்ன சொல்லுகிறான் என்பது இவளுக்கும் விளங்காது, இந்தத் தெருவில் யாருக்குமே விளங்காது. புகைக்கூண்டுக்காரரிடம் அந்த உறுமலும் கிடையாது, வெறும் சத்தம். இவள் மட்டும் வெளியே நிற்கிற மாதிரி இல்லை.

பக்கத்து வீட்டு ஹஃப்ஸா ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தாள். தைத்துக்கொண்டிருந்த நைட்டித் துணி அவள் தோளில் கிடந்தது.

"என்னக்கா, யாரையும் உள்ள போட்டுக் கழுத்த நெரிக்காகளா?"

"கதவத் தட்டிட்டு வரமாட்டியாட்டி?"

"தட்டுனேனே! தட்டித் தட்டிக் கை வலிக்கு. எங்க வீட்ல அவிய கடையிலருந்து வந்து செருப்பக்கூட கழட்டல. பொன்மணியக்காவுக்கு வலிப்பு வந்துட்டு, சாவிக்கொத்த எடுத்துட்டு ஓடுங்காக."

"பாட்டு ஓடுது. ரசியாப் பாட்டு."

ஹஃப்ஸா போனைக் குனிந்து பார்த்தாள். காட்டுக்காரர்கள் மரத்தடியில் முறைத்துக்கொண்டு நின்றார்கள்.

"ரசியாவுல சண்டல்ல நடக்கு. அதத்தான் புடிச்சுப் போட்டுருக்கான் போல. இந்தத் தலைமுடிக்கு எண்ணெ வச்சு எம்புட்டு நாளாச்சோ. குறைச்சு வையிங்கக்கா, தெரு முக்கு வரைக்கும் கேக்கு."

"குறைச்சுத்தானே வச்சிருக்கேன்."

"இது குறைச்சா?" என்று சிரித்துக்கொண்டே போய்விட்டாள்.

மறுநாள் பொன்மணி ஒயர் வைத்த இயர்போன் ஒன்று வாங்கினாள். அது வந்த பிறகு யாரும் கதவைத் தட்டவில்லை. சத்தத்தை அவள் கடைசி வரைக்கும் ஏற்றி வைத்துக் கேட்டாள்.

வீட்டில் சும்மா இருந்து பழக்கமில்லாதவள். மதுரையில் ஒரு டிரஸ்ட்டில் படுக்கை நோயாளிகளைப் பார்த்துக்கொள்வதற்குப் பயிற்சி கொடுத்தார்கள். சேர்ந்து படித்து, ஸ்ரீவில்லிபுத்தூரில் ரத வீதிக்குப் பின்னால் ஒரு வீட்டில் வேலைக்குப் போனாள். தினமும் காலையில் பஸ், சாயங்காலம் பஸ். வீட்டுக்காரி கார்த்திகாவுக்குத் தாலுகா ஆபீசில் வேலை, புருஷன் பட்டாளத்தில் அஸ்ஸாம் பக்கம் இருந்தான். பார்த்துக்கொள்ள வேண்டியது அவளுடைய மாமியார் சுந்தரம்மாளை; பொன்மணி அவளைப் பெரியம்மா என்றுதான் கூப்பிட்டாள். பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. பேச்சு வரும், ஆனால் சன்னமாக வரும்.

வேலையில் பொன்மணியிடம் குற்றம் சொல்ல எதுவும் இல்லை. படுக்கையில் கிடப்பவர்களைச் சொன்ன நேரத்துக்குப் பக்கம் மாற்றிப் படுக்க வைக்க வேண்டும், இல்லாவிட்டால் இடுப்பெலும்பு படுகிற இடத்தில் தோல் சிவந்து புண்ணாகும். கஞ்சியை நிமிர்த்தி உட்கார வைத்துத்தான் ஊட்ட வேண்டும், படுத்த வாக்கில் ஊட்டினால் மூச்சுக்குழாயில் இறங்கிவிடும். குளிப்பாட்டத் தூக்கக்கூடாது, துணி நனைத்துத் துடைத்தால் போதும். சுந்தரம்மாளுக்கு இவள் வந்த பிறகு ஒரு புண் வரவில்லை. அந்த அம்மாள் கேட்டதையெல்லாம் அவள் உதட்டைப் பார்த்தே பொன்மணி செய்துகொடுத்தாள். வாதம் வந்த வாய் ஒரு பக்கம் கோணி இருந்தாலும் மில்லில் எத்தனையோ கோணல் வாய்களைப் படித்தவளுக்கு அது ஒரு பாரமா?

தவறு சுவர்ப் பக்கத்தில் நடந்தது. ஒருநாள் மத்தியானம் சுந்தரம்மாளைச் சுவரைப் பார்த்துப் படுக்க வைத்துவிட்டு, பொன்மணி அவள் முதுகுக்குப் பின்னால் நாற்காலியில் உட்கார்ந்து காய்ந்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். பெரியம்மா தூங்குகிறாள் என்று நினைத்தாள். பெரியம்மா தூங்கவில்லை. பெட்பேன் வேண்டும் என்று கூப்பிட்டாள். மறுபடி கூப்பிட்டாள். அடக்க முடியாமல் தானே எழும்பப் பார்த்து, கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் சரிந்தாள். கட்டில் அசைந்த பிறகுதான் பொன்மணி துணியைப் போட்டுவிட்டுப் பாய்ந்தாள். அவள் கைத்தாங்கலாகத் தூக்கிக்கொண்டிருந்த நேரம் கார்த்திகா சாப்பிட வந்து நின்றாள்.

எலும்புக்கு ஒன்றும் ஆகவில்லை. முழங்கையில் தோல் உரிந்திருந்தது. அதைக் கழுவி மருந்து வைத்த பிறகு கார்த்திகா கேட்டாள்.

"போன்ல பாட்டு கேட்டுக்கிட்டு இருந்தீகளாக்கா?"

"இல்லம்மா. துணி மடிச்சிக்கிட்டு இருந்தேன்."

"அத்த கூப்பிட்டது கேக்கலையா?"

"கூப்பிடலையேம்மா."

"கத்துனேன்டி," என்றாள் சுந்தரம்மாள். "தொண்ட போச்சு."

கார்த்திகா எழுந்து பொன்மணியின் பின்பக்கமாகப் போனாள். போய் என்னவோ செய்தாள். பிறகு முன்னால் வந்து நின்றாள்.

"இப்ப நான் என்ன சொன்னேன்?"

"நீங்க எப்ப சொன்னீக?"

கட்டிலில் கிடந்தவள் பாதி வாயால் சிரித்தாள். "ஏட்டி கார்த்திகா, செவிட்டுக் கழுதையவா புடிச்சிட்டு வந்து எனக்குக் காவலுக்கு வச்சிருக்க?"

கார்த்திகா சிரிக்கவில்லை. "அக்கா, ஒங்கள மாதிரி ஆளு எனக்குக் கெடைக்காது. ஆனா காதக் காட்டிட்டு மெசின மாட்டிக்கிட்டு வாங்க. இல்லன்னா நான் ஆபீசுல நிம்மதியா உக்கார முடியாது. கோவிச்சிக்கிடாதீக, வேற ஆளத்தான் பாக்கணும்."

கோபிக்க என்ன இருக்கிறது? பின்னால் நின்றால் கேட்காத ஒருத்தியிடம் படுத்த ஆளை யார் ஒப்படைப்பார்கள்? பொன்மணியே ஒப்படைக்க மாட்டாள்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் காதுக்கு முகாம் போட்டிருந்தார்கள். பரிசோதனை பண்ணியவர் ஜோயல் என்கிற ஒரு பையன், முப்பது வயது இருக்கும். அவளைச் சின்ன பெட்டி மாதிரி ஒரு அறைக்குள் உட்கார வைத்து, காதில் பெரிய ஹெட்போனை மாட்டி, சத்தம் கேட்கும்போதெல்லாம் பட்டனை அமுக்கச் சொன்னார். ரீங்காரம் மாதிரி அடிச் சத்தங்கள் வந்தன, அமுக்கினாள். கொஞ்சம் மேலே ஏறின, அமுக்கினாள். பிறகு ஒன்றும் வரவில்லை. வெகுநேரம் பட்டனைப் பிடித்தபடி காத்திருந்தாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஜோயல் குனிந்து எதையோ திருகிக்கொண்டே இருந்தார்.

கதவைத் திறந்ததும் அவளே சொன்னாள்: "தம்பி, மெசின் நடுவுல நின்னு போச்சு."

"நிக்கலம்மா. கடைசி வரைக்கும் ஓடிக்கிட்டுதான் இருந்துச்சு."

அவர் ஒரு கோட்டுப்படத்தைக் காட்டினார். இடது பக்கம் மேலே நின்ற கோடு வலது பக்கம் போகப் போகக் கிணற்றுக்குள் இறங்குவதைப் போலச் சரிந்திருந்தது. அடிச் சத்தம் அவளுக்கு நல்லாவே கேட்கிறது, கீச்சென்று வருகிற மேல் சத்தம் போய்விட்டது, பேச்சில் பாதி எழுத்து மேலேதான் இருக்கிறது, இத்தனை நாள் உதட்டைப் பார்த்து ஒப்பேற்றியிருக்கிறீர்கள் என்றார். மில்லில் எத்தனை வருஷம் என்று கேட்டார். சொன்னாள். தலையை ஆட்டினார்.

"பாட்டு கேப்பீங்களாம்மா? இயர்போன் போட்டா?"

"கேப்பேன்."

"எம்புட்டு சத்தம் வைப்பீங்க?"

அவள் போனை எடுத்துக் காட்டினாள். அவர் முகம் மாறியது. இயர்போனில் ஒன்றைத் தன் காதுக்குப் பக்கத்தில், உள்ளே விடாமல் பிடித்துக் கேட்டார். புகைக்கூண்டுக்காரர் ஓடிக்கொண்டிருந்தார்.

"என்னம்மா இது, பேய்ப் படமா?"

"ரசியாவுல ஒருத்தரு போடுறது."

"பாடுறது யாரு?"

"இதுல பாட்டு கெடையாது தம்பி. சத்தம் மட்டுந்தான்."

ஜோயல் மறுபடியும் கேட்டார். "இல்லம்மா, பாடுறாங்களே. ஒரு லேடி. மெல்லிசா, மேல. இந்தா நிக்கிது… திரும்ப வருது."

பொன்மணி இயர்போனை வாங்கிக் காதில் வைத்தாள். ரீங்காரம், இடி, அரைக்கிற இரும்பு. வேறு எதுவும் இல்லை. ஜோயல் பொய் சொல்லுகிற முகத்தோடு நிற்கவில்லை. அதுதான் அவளுக்குப் பிடிக்கவில்லை.

ராஜபாளையம் வந்து இறங்கியதும் நேரே ஹஃப்ஸாவிடம் போனாள். ஹஃப்ஸா தையல் மெசினை நிறுத்திவிட்டுக் கேட்டாள்.

"ஆமாக்கா. ஒரு பொம்பள பாடுதாளே. எழவு வீட்டுல தனியா உக்காந்து இழுக்க மாதிரி. ஏங்கா இதப் போய் கேக்கீக? வேற நல்ல பாட்டு இல்லையா?"

முழுசாகக் கேட்கிற காது இருப்பவளுக்கு அந்தப் பாட்டு வேண்டாம். பொன்மணி போனை வாங்கிக்கொண்டு தன் வீட்டுக்குப் போனாள்.

அந்த வாரம் அவள் புகைக்கூண்டுக்காரரைப் போடவில்லை. காட்டுக்காரர்களைப் போட்டாள். அவர்களிடமும் முன்னைப் போல மனசு ஒட்டவில்லை. இதிலே இன்னும் என்னென்ன ஓடுகிறதோ, யார் யார் இருக்கிறார்களோ என்று தோன்றிக்கொண்டே இருந்தது. தனக்கு எதுவும் குறையாத இடம் என்று ஒன்று இருந்தது. அதிலேயும் அவள் வாசலில்தான் நின்றிருக்கிறாள். நின்றது தெரியாமல் நின்றிருக்கிறாள். இதைச் சொல்ல ஒரு ஆள் இல்லை. யாரிடமாவது சொல்வதென்றால் முதலில் ரஷ்யாப் பாட்டிலிருந்து ஆரம்பிக்க வேண்டும், அண்ணன் வீட்டில் அந்த முதல் வார்த்தைக்கே சிரிப்பார்கள்.

அடுத்த வாரம் ரெண்டு காதுக்கும் மெசின் வந்தது. காதுக்குப் பின்னால் மாட்டுகிற சின்ன மெசின். ஜோயல் அதைப் போட்டுக் காட்டிவிட்டுப் பெருமையாகச் சொன்னார்.

"இது புத்தியுள்ள மெசின்மா. ஃபேன், பஸ் எஞ்சின், மில் சத்தம், இப்படி ஒரே மாதிரி ஓடிக்கிட்டு இருக்கதெல்லாம் தேவையில்லாத சத்தம்னு தானா அமுக்கிரும். பேச்சு மட்டும் மேல தூக்கிக் குடுக்கும்."

"தேவையில்லாததுன்னு அதுக்கு யாரு சொன்னா?"

ஜோயல் சிரித்தார். "கம்பெனிக்காரன்தான்மா."

"அத நிப்பாட்ட முடியாதா?"

"பெரிய மெசின்ல அதுக்குப் பட்டன் இருக்கும். இது முகாமுல குடுக்குறது, இதுல இல்ல." பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னார்: "இயர்போன இன்னையோட விட்டுருங்கம்மா. மிச்சம் இருக்க அடிச் சத்தமும் போயிரும். பொறவு மெசின் போட்டும் பிரயோசனம் இல்ல, நீங்க செய்யிற வேலையும் செய்ய முடியாது."

பொன்மணி சரி என்றாள்.

மெசினோடு வேலைக்குப் போன முதல் நாள் அவளுக்கு வீட்டில் எல்லாமே சண்டைக்கு வருவதைப் போல இருந்தது. டம்ளரை வைத்தால் மணி அடித்தது. பிளாஸ்டிக் கவரைத் தொட்டால் நெருப்புப் பற்றுவதைப் போலப் பொரிந்தது. அவளுடைய வளையலே அவளை வெருட்டியது. சுந்தரம்மாளைத் துடைத்து, பவுடர் போட்டு, சுவர்ப் பக்கம் திருப்பிப் படுக்க வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். அப்போதுதான் அந்த அம்மாள் பேசிக்கொண்டிருப்பது கேட்டது.

இவ்வளவு நாளும் பேசிக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். கூமாப்பட்டியில் தன் அப்பா வீட்டுக் கிணற்றில் தண்ணீர் மேலே கிடந்த காலம், மருமகள் புளி குறைச்சுப் போட்ட குழம்பு, அஸ்ஸாமில் இருக்கிற மகன் போன் பண்ணாதது எல்லாம் சுவரிடம் போய்க்கொண்டிருந்தது. நடுவில், "இந்தச் செவிடி உக்காந்திருக்கா பாரு, கொக்கு மாதிரி," என்றும் வந்தது.

"செவிடிக்குக் கேக்கு பெரியம்மா," என்றாள் பொன்மணி.

முதுகு அசையவில்லை. அந்தப் பக்கமிருந்து கேள்வி வந்தது: "எம்புட்டு நேரமா?"

"கிணத்துலருந்து."

"அடப் பாவி மகளே." பாதி வாய்ச் சிரிப்பு முதுகில் குலுங்கியது. "சரி, கேட்டதக் கேட்டுட்ட. அவகிட்ட சொல்லிராத."

"புளி விசயமா?"

"அதத்தான் சொல்லுதேன்."

சாயங்காலம் கார்த்திகா வந்ததும் பின்னால் நின்று மெதுவாக, "பொன்மணிக்கா" என்றாள். பொன்மணி திரும்பினாள். கார்த்திகா கையைப் பிடித்துக்கொண்டாள். வேலை நிலைத்தது. ஆனால் அன்றைக்கு அப்புறம் சுந்தரம்மாள் சுவரிடம் பேசுவதைக் குறைத்துக்கொண்டாள். கேட்கிற ஆள் இருக்கிறபோது சிலருக்குப் பேச்சு வராது. வேண்டியதைக் கேட்டாள், அதோடு சரி. மத்தியான நேரம் அந்த அறையில் ரெண்டு பேரும் விழித்துக்கொண்டு பேசாமல் இருந்தார்கள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் பொன்மணி வீட்டுக்கு வந்து, முகம் கழுவி, விளக்கைப் போட்டுவிட்டு, மெசினைக் காதிலேயே வைத்துக்கொண்டு போனைத் தரையில் வைத்தாள். இயர்போன் இல்லை. பனி, புகைக்கூண்டு.

ரீங்காரம் வந்த வேகத்தில் அடங்கியது. மெசின் அதன் தலையில் ஈரத்துணியைப் போட்டு அமுக்கிவிட்டது. இடி காகிதத்தைத் தட்டுகிற மாதிரி இருந்தது. அவளுக்குக் கோபம்தான் முதலில் வந்தது. கையை நீட்டி நிறுத்தப் போனாள். அதற்குள் அந்தக் குரல் எழுந்தது.

சின்ன வயசுக் குரல் இல்லை. பாட்டுப் படித்த குரலும் இல்லை. ஒரு பெண் ஏதோ சொல்லை நீட்டி மேலே கொண்டுபோனாள், அங்கே அது மெலிந்து நடுங்கியது, விட்டாள், மூச்சு எடுத்தாள், மறுபடியும் ஆரம்பித்தாள். யாருக்கும் கேட்க வேண்டும் என்று பாடவில்லை. சமைக்கும்போது, பெருக்கும்போது பாடுகிற மாதிரி, கூட ஒருவர் இருக்கிறார் என்ற நினைப்பில்லாமல் பாடினாள்.

பொன்மணி மெசினைக் கழற்றினாள். ரீங்காரம் அறையை நிறைத்தது. பெண் போய்விட்டாள். மாட்டினாள், பெண் வந்தாள், ஷெட் போய்விட்டது. ஒரு காதில் மாட்டி மறு காதில் கழற்றியும் பார்த்தாள். ரெண்டும் வந்தன, ஆனால் சேரவில்லை. அடுத்தடுத்த வீடுகளில் ரெண்டு பேர் அவரவர் வேலையைப் பார்க்கிற மாதிரி இருந்தது, தலையும் சுற்றியது. அந்த ஆள் இந்தப் பெண்ணை இந்தச் சத்தத்துக்குள்ளே எப்படி வைத்திருக்கிறார் என்பது ஹஃப்ஸாவுக்குக் கேட்கும், ஜோயலுக்குக் கேட்கும். பொன்மணிக்குக் கேட்காது. அழுது பார்த்தாலும் கேட்காது என்பதால் அவள் அழவில்லை. இயர்போனைச் சுருட்டி டிரங்குப் பெட்டியின் அடியில் போட்டாள்.

அதன் பிறகு ஒரு ஏற்பாட்டுக்கு வந்தாள். பகலில் மெசின் காதில் இருக்கும். சாயங்காலம் அதைக் கழற்றி வைத்துவிட்டு, போனை ஒரு எவர்சில்வர் போணிக்குள் நிறுத்தி, பாதிச் சத்தத்தில் ஒரே ஒரு பாட்டு. பாதிச் சத்தத்தில் ஷெட் முழுவதும் ஓடுவதில்லை. தூரத்தில் ஒரு பிரேம் மட்டும் ஓடுகிற மாதிரி இருக்கிறது. அந்தப் பெண் எந்த இடத்தில் வருவாள் என்று இப்போது அவளுக்குத் தெரியும். அந்த இடம் வரும்போது கேட்காத ஒன்றுக்காக உட்கார்ந்திருக்கிறாள். பிறகு மெசினை மாட்டி, அந்த இடத்தை மட்டும் திரும்ப ஓட்டுகிறாள்.

அப்படித் திரும்பத் திரும்பக் கேட்டதில் ஒன்று பிடிபட்டது. மெசின் மேல் சத்தத்தைத் தூக்கிக் கொடுப்பதால் குரலோடு மூச்சும் சேர்ந்து வந்தது. அந்தப் பெண் மூச்சை உள்ளே இழுக்கும்போது கடைசியில் ஒரு விசில் இருந்தது. அது மெசின் கோளாறா என்று ஹஃப்ஸா பேசும்போதும், கார்த்திகா பேசும்போதும் கவனித்துப் பார்த்தாள், அவர்களிடம் இல்லை. சுந்தரம்மாளுக்குச் சளி கட்டிய நாளில் மட்டும் அதே விசில் கேட்டது. அன்றைக்கு டாக்டரை வரவழைத்து, ஆவி பிடிக்க வைத்து, முதுகைத் தட்டிச் சளியை எடுத்தார்கள்.

மறுநாள் காலையில் ராஜபாளையம் பஸ் ஸ்டாண்டில் நின்றபோது பொன்மணி புகைக்கூண்டுக்காரரின் பக்கத்தைத் திறந்தாள். பாட்டுக்குக் கீழே நாலைந்து பேர் அவர்கள் எழுத்தில் ஏதோ எழுதியிருந்தார்கள். அவள் மைக்கை அமுக்கி, வாயைக் கையால் மறைத்துக்கொண்டு பேசினாள். பஸ் ஹாரன் சத்தத்தில் போன் ரெண்டு தடவை தப்பாக எழுதியது, மூன்றாவது தடவை சரியாக வந்தது.

"ஐயா, வணக்கம். இதில் பாடுகிற அம்மா யார்? அவர்களுக்கு நெஞ்சில் சளி இருக்கிறது. மூச்சு இழுக்கும்போது இரைகிறது. பனியில் வெளியே போக விடாதீர்கள். டாக்டரிடம் காட்டுங்கள். இப்படிக்கு பொன்மணி."

அனுப்பிவிட்டு பஸ் ஏறினாள்.

பதில் இன்னும் வரவில்லை. அது பழைய பாட்டாகக்கூட இருக்கலாம், அந்த அம்மாள் இப்போது எப்படி இருக்கிறாளோ. மத்தியானம் சுந்தரம்மாளை நிமிர்த்தி உட்கார வைத்து, கஞ்சி ஊட்டி, வாயைத் துடைத்துவிட்டு, பொன்மணி ஒரு தடவை போனை எடுத்துப் பார்க்கிறாள். பார்த்துவிட்டுப் பாத்திரத்தைத் தேய்க்கப் போகிறாள். தேய்க்கும்போது மட்டும் மெசினைக் கழற்றி ஜன்னலில் வைத்துவிடுகிறாள். அந்த எவர்சில்வர் சத்தத்தை அவளால் தாங்க முடியவில்லை. அந்த நேரம் கூப்பிட வேண்டாம் என்று பெரியம்மாவிடம் முன்கூட்டியே சொல்லி வைத்திருக்கிறாள்.